கேட் பாஸ் இல்லாத கிரீடம்

திரும்பி வருகிற உடுப்பை பவுலினா முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். எண்ணுவது, கிழிசல் தேடுவது எல்லாம் அப்புறம். பையைப் பிரித்து, கழுத்துப் பட்டியை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு. உடனே தீர்ப்பு வந்துவிடும். "இத்த வாந்தி எடுத்துத் தொடச்சிருக்காங்க டீச்சர்." "இத்தக் கொழந்த போடல. அவங்க அம்மா போட்டுக்கினு ரீல்ஸ் எடுத்திருக்குது, சென்ட்டு வாசன பாரு." எதிரே நிற்கிறவர் முகத்தில் அசடு வழிவதைப் பார்த்தால் மூக்கு சொன்னது மெய் என்று தெரிந்துவிடும்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், ஒடிசாப் பையன்கள் தங்கும் லாட்ஜுக்கும் ஒரு மொபைல் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது அவருடைய 'வின்சி டிரஸ் வாடகை நிலையம்'. வின்சி என்பது மகள் பெயர். மகள் கோயம்புத்தூரில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள், பெயர் மட்டும் போர்டில் கடையைப் பார்த்துக்கொள்கிறது. உள்ளே போனால் தரையிலிருந்து கூரை வரை சாமியும் அரசனும் மிருகமும் மடிந்து கிடக்கிறார்கள். முனிவர் தாடியும் கிறிஸ்துமஸ் தாத்தா தாடியும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அவசரத்துக்கு ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கும்.

ரோமப் படைவீரனின் மார்க்கவசமும் அருச்சுனனின் மார்க்கவசமும் இங்கே ஒன்றுதான். தவக்காலத்தில் பாஸ்கா நாடகத்துக்குப் பங்குக் கோயில்காரர்கள் எடுத்துப் போவார்கள். ஈஸ்டர் முடிந்து திரும்பி வந்ததும் துடைத்து, சிவப்புத் துணியைக் கழற்றிவிட்டுப் பச்சைக் குஞ்சம் கட்டினால் பாரதக் கூத்துக்குத் தயார். "பங்குனியில ஏசப்பாவ அடிக்கிறானுங்க, சித்திரையில கௌரவனுங்கள அடிக்கிறானுங்க. அடிக்கிற வேல மட்டும் மாறல" என்பார் பவுலினா. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தான். சாமி விஷயத்தில் பயம் உண்டு, சட்டை விஷயத்தில் கிடையாது.

பேரம் கன்னடத்தில், திட்டு தெலுங்கில், ஜெபம் தமிழில். இது அவர் வகுத்துக்கொண்ட முறை. கேட்டால் காரணமும் சொல்வார். "கன்னடத்துல பேசனா சிரிச்சிக்கினே குடுத்துடறாங்க. தெலுங்குல திட்டனா சுருக்குனு ஏறுது. தமிழு நம்மளுது, அத்த வீணாக்கக் கூடாது." கணவர் மைக்கேல்ராஜ் சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். வீட்டுக்குள் தெலுங்கு கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இத்தனை உடுப்புக்கு நடுவில் வாழ்கிற பவுலினா ஒன்றைக்கூட உடம்பில் போட்டுப் பார்த்தது கிடையாது. அது தொழில் கட்டுப்பாடு. வாடகைக்குப் போகிறதை வீட்டுக்காரி போட்டால் கடை விளங்காது என்று இந்தத் தொழிலில் ஒரு பேச்சு. கல்யாணமான புதிதில் ராணி உடுப்பில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று மைக்கேல்ராஜ் கெஞ்சியிருக்கிறார். நடக்கவில்லை. கிரீடத்தின் அளவு பார்க்கக்கூட ஒரு பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். எந்த ராஜாவின் முடியானாலும் அந்தக் குடத்தின் மண்டையில் ஏறி இறங்கித்தான் வெளியே போகும்.

கடையின் பின்பக்கம், பீரோவுக்கு மேலே, பழைய சேலை சுற்றி ஒரு மூட்டை இருக்கும். அதை யாருக்கும் வாடகைக்குக் கொடுப்பதில்லை. சிங்காரப்பேட்டைப் பக்கத்துக் கூத்தாடிகளின் ஜமா ஒன்றின் சொத்து அது. பாரதக் கூத்து முடிகிற நாளில், படுகளத்துக்கு மட்டும் துரியோதனன் தலையில் ஏறுகிற பெரிய கிரீடமும் தோளில் கட்டுகிற இரண்டு புஜக்கட்டைகளும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய வேலை. கிரீடமே ஒரு முழத்துக்கு மேல் உயரம். ஜமாவில் யாரும் அதை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். துரியோதனன் முடி இருக்கிற வீட்டில் பங்காளிச் சண்டை வரும், பாகப் பிரிவினை கோர்ட்டு வரை போகும் என்று நம்பிக்கை. அதனால் கூத்தில்லாத மாதங்களில் அது பவுலினாவிடம் இருக்கும். பாதுகாப்பதற்கு அவர் கூலி வாங்குவதில்லை. பதிலுக்கு ஜமாவின் மற்ற உடுப்புகளைப் பள்ளிக்கூட விழாக்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். "எங்கூட்ல சண்ட ஏற்கனவே குடியிருக்குது. புதுசா எங்கருந்து வரப்போவுது?" என்று சொல்லித்தான் அன்றைக்கு மூட்டையை வாங்கி மேலே வைத்தார்.

வைத்ததோடு விடவில்லை. உதிர்ந்த சில்லை ஒட்டுவார், மங்கின இடத்தில் பெயின்ட் அடிப்பார். உள்பக்கம் மரம் மண்டையில் உரசிப் புண்ணாகிறது என்று துரியோதனன் வேடக்காரர் பெரியதம்பி ஒருமுறை சொன்னார். பழைய பேப்பர்க் கடையில், கம்பெனிகள் உதிரி பாகங்களைச் சுற்றித் தூக்கிப் போடுகிற கறுப்பு ஃபோம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் கொஞ்சம் வாங்கி வந்து அளவாக வெட்டி உள்ளே ஒட்டிவிட்டார். துரியோதன மகாராஜாவின் தலைவலி தீர்ந்தது.

பெரியதம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூத்தில்லாத நாளில் மாங்காய் மண்டியில் கூடை தூக்குகிற மனிதர், யாரைக் கண்டாலும் "வணக்கம் சாமி" என்று இடுப்பு வரை குனிகிறவர். ஆனால் அந்தப் பெரிய கிரீடம் ஏறிவிட்டால் அவர் தலை யாருக்கும் தாழாது. அந்த ஜமாவில் அப்படி ஒரு வழக்கம். ஊர்க்கவுண்டர் வந்தாலும் சரி, பந்தல் தாழ்வாக இருந்தாலும் சரி. துரியோதனன் குனிய மாட்டான், பந்தல்தான் உயர வேண்டும். ஊர்க்காரர்கள் மூங்கில் கொண்டுவந்து பந்தலை முட்டுக்கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். யாரையாவது கும்பிட்டே தீர வேண்டும் என்றால் கிரீடத்தைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிட வேண்டும்.

இந்த வழக்கத்தில்தான் வந்தது வினை.

இங்கே கம்பெனிகளுக்கு வருஷத்தில் சில நாள் திடீரென்று பண்பாட்டுப் பசி எடுக்கும். மற்ற நாளில் 'மேளச் சத்தம் மெஷின் சத்தத்தைக் கெடுக்கிறது' என்று ஊர்த் திருவிழா மேல் புகார் எழுதுகிறவர்கள், ஏப்ரல் பிறந்தால் 'பாரம்பரிய வாரம்' என்று போர்டு மாட்டிவிடுவார்கள். சிப்காட்டில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இந்த வருஷம் அப்படி நடந்தது. பெங்களூரிலிருந்து ஈவென்ட் கம்பெனி வந்தது. புல்வெளியில் கூரைக் குடிசை போட்டது, தண்ணீர் இல்லாத கிணறு கட்டியது, வாசலில் மாட்டு வண்டி நிறுத்தியது. கூரைக்கு வாடகை உண்டு. கிணற்றுக்கு வாடகை உண்டு. வண்டியில் பூட்டிய மாட்டுக்கு வாடகையும் உண்டு, மேலே தவிடும் உண்டு. கூத்தாடிக்கு மட்டும் 'நல்ல வாய்ப்பு'!

அந்த வாய்ப்பை வாங்கிக் கொடுத்தவர் பவுலினாதான். அதை அவர் மறைப்பதில்லை. கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி ரோஹன், ஓணத்துக்கும் ஆயுத பூஜைக்கும் அவர் கடையில் உடுப்பு எடுக்கிறவர், மரியாதையான பிள்ளை. "ஆண்ட்டி, லோக்கல் ஆர்ட்டிஸ்ட் யாராவது இருந்தா சொல்லுங்க. பத்து நிமிஷம் போதும். பட்ஜெட் இல்ல, ஆனா ஃபாரின் விசிட்டர்ஸ் வர்றாங்க, நல்ல எக்ஸ்போஷர்" என்றார். ரோஹன் சொன்னபடி செய்தால் வருஷம் முழுக்க உடுப்பு ஆர்டர் தனக்கே என்று பவுலினாவுக்கு ஒரு நப்பாசை. ஜமாவோடு பேசினார். பெரிய கிரீடத்தோடு வந்தால் படம் நன்றாக விழும் என்று ரோஹன் ஆசைப்பட, படுகளத்துக்கு மட்டும் இறங்குகிற மூட்டையை இவரே பீரோ மேலிருந்து இறக்கினார். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று இப்போது சொல்கிறார். சொல்லும்போது தெலுங்குக்கு மாறிவிடுகிறார்.

பத்து நிமிஷம் ஆடினார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னதால் மத்தளத்தின் மேல் துண்டைப் போட்டு அடித்தார்கள். சாப்பாடு கிடைத்தது. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் ஜமாவுக்கு ஒரு ஷீல்டும் கிடைத்தன. கடைசியில் எம்.டி. வெளிநாட்டு விருந்தாளிகளோடு ரிசப்ஷனுக்கு வந்தார். வாசலில் நின்று மகாராஜா குனிந்து வரவேற்பதுபோல ஒரு படம் வேண்டும் என்று போட்டோக்காரன் கேட்டான். பெரியதம்பி என்ன செய்வார்? கிரீடத்தோடு குனியக் கூடாது. விருந்தாளியை வணங்காமல் இருப்பதும் மரியாதை இல்லை. கிரீடத்தைக் கழற்றினார், புஜக்கட்டையை அவிழ்த்தார், பக்கத்து மேசையில் வைத்தார். வெறுந்தலையோடு இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார். அவர் நிமிர்வதற்குள் ஈவென்ட் பையன்கள் கிரீடத்தை ஒரு பீடத்தில் ஏற்றி லைட்டு போட்டுவிட்டார்கள். விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "சாயந்திரம் கடைக்கு அனுப்பிடறோம் அண்ணா, உங்க விசிட்டர் பாஸ் டைம் முடிஞ்சிடுச்சு" என்று ஜமாவை வெளியே அனுப்பினார்கள்.

கிரீடத்தை வைத்துக்கொண்டு அதன் தலையை வெளியே அனுப்பிவிட்டார்கள். நன்றாயிருக்கிறதய்யா பாரம்பரியம்!

அன்று சாயந்திரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பவுலினா போன் போட்டால் ரோஹன் மீட்டிங்கில் இருந்தார். கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊரில் ஜமாவின் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. வருகிற ஞாயிறு படுகளம். களிமண்ணில் துரியோதனனை மல்லாந்த வாக்கில் பிரம்மாண்டமாகச் செய்து போட்டிருப்பார்கள். அதைச் சுற்றித்தான் கடைசிச் சண்டை நடக்கும். மற்ற இரவுகளைச் சின்னக் கிரீடத்தில் ஓட்டிவிடலாம். படுகளத்துக்குப் பெரிய கிரீடம் இல்லாமல் இறங்கினால் ஊர் ஒப்பாது. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. சுற்றுவட்டாரப் பெரிய மனிதர்கள் அன்று வேடிக்கை பார்க்க வருவார்கள். ஆட்டம் பிடித்தால் அங்கேயே, மண் துரியோதனன் காலடியில், அடுத்த வருஷக் கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைப்பார்கள். ஜமாவின் ஒரு வருஷச் சோறு அந்தத் தாம்பூலத்தில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பெரியதம்பி கடைக்கு வந்தார். கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "யக்கா, கிரீடம் எங்கன்னு ஊர்ல கேக்கறாங்க. கம்பெனிக்காரன் ஷோகேஸ்ல வெச்சிருக்கான்னு எந்த வாயால சொல்றது? இந்த ஷீல்டத் தலையில வெச்சிக்கினு ஆட முடியுமா? இத்த வெச்சி நாக்கு வழிக்கறதா?" என்றார். பவுலினா ஷீல்டை வாங்கி மேசையில் வைத்தார். "நாந்தான குடுத்தேன், நானே கொண்டாறேன். நீ போய் ஒத்திகையப் பாரு" என்று அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனார். ரிசப்ஷனில் நுழைந்ததும் கண்ணில் பட்டது கிரீடம்தான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீல விளக்கு, இரண்டு பக்கமும் புஜக்கட்டைகள். கீழே பளபளவென்று ஒரு தகடு, 'பழங்கால மன்னரின் மகுடம்' என்று.

"பழங்காலமா? போன தை மாசம் நாந்தான பெயின்ட்டு அடிச்சேன்!" என்றார் சத்தமாக. ரிசப்ஷன் பெண் பதறிப்போய் ரோஹனைக் கூப்பிட்டாள்.

ரோஹன் சிரித்த முகத்தோடு வந்தார். தண்ணீர் கொடுத்தார். ஏசிக்கு நேராக நாற்காலி போட்டார். "ஆண்ட்டி, எம்.டி. சாருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இங்கேயே பர்மனென்ட்டா வெச்சுக்கலாம்ங்கறார். என்ன விலைன்னு சொல்லுங்க, நான் அப்ரூவல் வாங்கறேன். அவங்க வேற ஒண்ணு செஞ்சுக்கலாமே?"

"தம்பி, ஆடனவனுக்குக் குடுக்கறதுக்குக் காசில்லன்னு சொன்ன. இப்ப அவன் தலையில இருந்தத வாங்கறதுக்கு மட்டும் காசு எங்கருந்து வந்துச்சி?"

ரோஹன் முகம் சிவந்தது. நல்ல பிள்ளைதான், ஆனால் நல்ல பிள்ளையாக இருப்பதற்கும் ஒரு அப்ரூவல் வேண்டியிருக்கிறது அந்தக் கட்டடத்தில். "இது ஆர்ட் ஆண்ட்டி, அது ஈவென்ட்" என்று ஏதோ ஆரம்பித்தார்.

"நாளிக்குப் படுகளம். எங்க ஜமாவுக்கு அது நெல்லு வெளையற நாளு. நீங்க மெஷினக் கழட்டி அடுத்த கம்பெனி ஷோகேஸ்ல வெச்சிட்டு, வேற மெஷின் செஞ்சிக்கலாம்னு சொல்லுவீங்களா? இது விக்கறதுக்கு என்னோடதும் இல்ல. எடுத்துக் குடு."

இதற்குமேல் பவுலினா தெலுங்குக்கு மாறினார். ரிசப்ஷனில் காத்திருந்த ஆந்திரா சப்ளையர்கள் இரண்டு பேர் தலையைத் தூக்கி, பரவசத்தோடு கேட்டார்கள். ரோஹன் வெளியே போய் யாரிடமோ போனில் குசுகுசுத்தார். திரும்பி வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டார். "எடுத்துக்கோங்க ஆண்ட்டி. சார்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா கேட் பாஸ் நான் போட முடியாது. இது உள்ள வந்தது ஈவென்ட் கம்பெனி பேர்ல. அவங்கதான் போடணும், அவங்க ஆபீஸ் திங்கட்கிழமைதான். கேட்ல நீங்களே சொல்லிப் பாருங்க."

பாருங்கள் நியாயத்தை. திருடுகிறபோது பாஸ் வேண்டாம், திருப்பிக் கொடுக்கிறபோது பாஸ் வேண்டும்.

கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் சென்றாயன். ஊத்தங்கரைப் பக்கத்து ஆள், பவுலினாவை நன்றாகத் தெரியும். கிரீடத்தைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். கைகூடக் கும்பிடப் போய்ப் பாதியில் நின்றது. "யக்கா, இது படுகளத்து முடியாச்சே" என்றார். அப்புறம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பாஸ் இருக்குதா?"

"இல்ல."

"பாஸ் இல்லாம ஒரு ஸ்குரூ கூட வெளிய போவாது யக்கா. கேமரா இருக்குது. என் வேல போயிடும், புள்ள காலேஜ் படிக்குது." சொல்லிக்கொண்டே கிரீடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். வேலை அப்படி, எதையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே கறுப்பு ஃபோமில் அந்தக் கம்பெனியின் முத்திரையும் பாகத்தின் எண்ணும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தன. சென்றாயனுக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, இது கம்பெனி மெட்டீரியல் யக்கா! உள்ள சீலே இருக்குது பாரு. இத்தப் பாஸ் இல்லாம வுட்டா நேரா போலீசுதான்."

"பழைய பேப்பர்க் கடையில எடையில போட்டு வாங்கனதுப்பா அது! நீங்க குப்பையில போட்டது!"

"எனக்குப் புரியுது யக்கா. கேமராவுக்குப் புரியாதே."

முதல் ஷிப்ட் விடுகிற சைரன் ஊதியது. நீலச் சட்டைகள் கூட்டமாக வந்து வரிசை கட்டின. டிபன் பாக்ஸ், பை, எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டுச் சின்னக் கதவு வழியாக ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பவுலினா மேசையோரம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ரோட்டோரம் ஜமாவின் குட்டியானை வண்டி நின்றது. பெரியதம்பி மனசு கேட்காமல் வந்துவிட்டிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது.

"ஏம்ப்பா சென்றாயா" என்றார் பவுலினா மெதுவாக. "ஓணத்தப்ப மாவேலி வேசம் கட்டுன கேன்டீன் சூப்பர்வைசர், என் கிரீடத்தப் போட்டுக்கினே இந்தக் கதவு வழியாத்தான வீட்டுக்குப் போனாரு. அவர்கிட்ட பாஸ் கேட்டியா?"

"அது எப்படிக் கேப்பேன்? அது ஒடம்புல போட்டிருந்தது. ஒடம்புல போட்டிருக்கற துணிமணி, நகைநட்டு எல்லாம் கணக்குல வராது யக்கா. கையில இருந்தாத்தான் மெட்டீரியலு."

சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று சென்றாயனுக்கு உறைத்தது.

பவுலினா அங்கேயே தரையில் உட்கார்ந்து, கிரீடத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தான் ஒட்டின ஃபோமை நகத்தால் நெம்பிப் பிய்த்தார். நல்ல பசை, சுலபமாக வரவில்லை. பிய்த்துப் பிய்த்து, கடைசித் துணுக்கு வரை எடுத்து, சென்றாயன் மேசை மேல் போட்டார். "இந்தா உங்க கம்பெனி சொத்து. பத்திரமா வெச்சிக்க." பிறகு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். எத்தனையோ ஆயிரம் பேருக்கு வேடம் கட்டிவிட்ட கைகள் அந்த முழத்துக்கும் மேலான கிரீடத்தை உயர்த்தித் தன் தலையில் வைத்தன. அடியில் மரம் நறுக்கென்று நெற்றியில் கடித்தது. கடை விளங்காமல் போனால் போகட்டும் என்று அந்த நேரம் தோன்றியதாகப் பிறகு சொன்னார்.

புஜக்கட்டையைத் தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது. நாடா முதுகுக்குப் பின்னால் எட்டவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண், மகளிர் தினத்தில் ஜான்சி ராணி வேடம் கட்ட இவர் கடைக்கு வந்தவள், டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து முடிச்சுப் போட்டாள். வரிசை அசையாமல் நின்றது. எங்கிருந்தோ ஒருவன், கூத்தில் ராஜா வரும்போது விடுவதுபோல, நீளமாக ஒரு விசில் விட்டான்.

"போலாமா?" என்றார் பவுலினா.

சென்றாயன் கேமராவைப் பார்த்தார், கிரீடத்தைப் பார்த்தார். "ஒடம்புல இருக்குது. எனக்குக் கேள்வி இல்ல" என்றார் கேமராவுக்குக் கேட்கிற மாதிரி. "அப்புடியே கொஞ்சம் குனிஞ்சி போயிடு யக்கா. மேல நெல தட்டும்."

சின்னக் கதவின் மேலே இரும்புச் சட்டம். பவுலினா குள்ளம்தான், வெறுந்தலையோடு போனால் தாராளமாக நுழையலாம். கிரீடத்தோடு போனால் தலையைத் தாழ்த்தியே ஆக வேண்டும். அவர் கதவுவரை போனார், நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் பெரியதம்பி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நெற்றியில் மரம் கடித்த இடத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் புருவத்துக்கு இறங்கியது. பவுலினா அதைத் துடைக்கவில்லை. கழுத்தை அசைக்காமல் அப்படியே திரும்பி, பக்கத்தில் இருந்த பெரிய கேட்டின் எதிரே போய் நின்றார். லாரிக்கும் எம்.டி. காருக்கும் மட்டும் இரண்டு கதவும் விரியத் திறக்கிற கேட் அது.

பின்னால் ஷிப்ட் முழுக்கத் தேங்கி நின்றது. சென்றாயன் போய்த் தாழ்ப்பாளை இழுத்து, ஒரு பக்கக் கதவை மட்டும் ஆள் நுழைகிற அளவுக்குத் தள்ளினார்.

பவுலினா நகரவில்லை. வலது கையின் ஒரு விரலை மட்டும் தூக்கி, மூடியிருந்த இன்னொரு கதவைக் காட்டினார்.